அதிகாரம் டெல்லியில், நுகர்வோர் வைட்ஃபீல்டில்

2025 ஆகஸ்டில் ராபிடோ நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 'ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்' என்று அந்நிறுவனம் செய்த விளம்பரம் மக்களைத் திசைதிருப்பியது என்பது ஆணையத்தின் முடிவு. ஆட்டோ வராதபோது பயணிக்குக் கிடைத்தது '50 ரூபாய் வரை' மதிப்புள்ள ராபிடோ நாணயங்கள். அவை பைக் சவாரிக்கு மட்டுமே செல்லும், அதுவும் ஏழு நாளுக்குள். இந்த நிபந்தனைகளெல்லாம் கண்ணில் படாத பொடி எழுத்தில் இருந்தன. விளம்பரம் 120க்கும் மேற்பட்ட நகரங்களில், பல மொழிகளில், ஏறக்குறைய 548 நாட்கள் ஓடியது. 50 ரூபாய் கிடைக்காமல் போன பயணிகளுக்கு அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது.

தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை விதிக்கக்கூடிய உச்ச அபராதமே 10 லட்சம்தான். ஆகவே ஆணையம் கையிலிருந்த பிரம்பை முழுதாக ஓங்கித்தான் அடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 548 நாட்களுக்கு 10 லட்சம் என்றால் நாளொன்றுக்கு 1,825 ரூபாய். அதை 120 நகரங்களுக்குப் பங்கிட்டால் ஒரு நகரத்துக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு ஒரு நகரில் ஒரு சுவரில்கூட விளம்பரம் எழுத முடியாது.

இந்தக் கட்டுரையின் கவலை அபராதத் தொகை பற்றியது மட்டுமில்லை. ராபிடோவின் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. அந்நகரின் வைட்ஃபீல்ட் பகுதியில், ஹோப் ஃபார்ம் ஜங்ஷனில் மாலை நேரத்தில் நின்று, போனில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்களும் இதே ஊர்க்காரர்கள். விற்றவரும் வாங்கியவரும் ஒரே ஊரில் இருக்க, 'இந்த விளம்பரத்தை நிறுத்து' என்ற ஒரு வரி உத்தரவு டெல்லியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அது ஏன் பெங்களூரிலிருந்தே வரவில்லை? அப்படி ஒரு உத்தரவைப் போடும் அதிகாரம் கர்நாடக அரசின் எந்த நுகர்வோர் அதிகாரிக்கும் இல்லை என்பதுதான் பதில். தமிழ்நாட்டிலும் இதே நிலைதான்.

மாநில அளவில் அத்தகைய அதிகாரி இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா ஓர் எடுத்துக்காட்டு. பெங்களூரின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத மாநிலம் அது. அங்கே வணிகத் துறைக்குள் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதற்கு ஓர் இயக்குநர். புகாரை விசாரிப்பது, ஆவணங்களைக் கேட்டு சம்மன் அனுப்புவது, ஏமாற்று வணிகத்தை நிறுத்தச் சொல்வது, நிர்வாக அபராதம் போடுவது, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. 2023 அக்டோபரில் டிக்டாக் நிறுவனத்தின்மீது, குழந்தைகளுக்குக் கேடு விளைவிக்கிறது என்று சொல்லி, இந்தப் பிரிவே வழக்குப் போட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் வணிக ஆணையம் ஒன்று இருந்தும், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டத்தை வைத்திருக்கிறது. வாஷிங்டன் தூங்கினாலும் மாநிலம் விழித்திருக்கலாம் என்ற ஏற்பாடு அது.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை நன்கு பழகிய பெயர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த அமைப்பு வர்த்தமானி அறிவித்தல் மூலம் உச்ச சில்லறை விலையை நிர்ணயிக்கும். அதிகாரிகள் கடைகளைச் சோதனையிட்டு வழக்கை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். 2025 ஏப்ரலில் ஒரு லிட்டர் போத்தல் தண்ணீருக்கு 100 ரூபாய் என்று அது வைத்த விலை ஒரு பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த சட்டமாகிவிட்டது. விலைக் கட்டுப்பாடு நல்லதா என்பது வேறு விவாதம். யார் உத்தரவு போடுவார், யார் சோதிப்பார், யார் தண்டிப்பார் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

இந்தியாவில் குழப்பம் பழையது. 1969ஆம் ஆண்டின் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டத்தில், சச்சார் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1984இல் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற கருத்து சேர்க்கப்பட்டது. அதை விசாரிக்கப் புலனாய்வுத் தலைமை இயக்குநர் ஒருவரும் இருந்தார். அவர் அகில இந்தியாவுக்கும் ஒருவர்தான். இருந்தாலும் நுகர்வோருக்காகத் தானாகவே முன்வந்து விசாரிக்க ஓர் அதிகாரி இருந்தார் என்பது உண்மை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீதிமன்றங்களைக் கொடுத்தது, புலனாய்வாளரைக் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் வந்து கதவைத் தட்டினால் மட்டுமே கதவு திறக்கும். 2009 செப்டம்பர் 1 அன்று பழைய ஏகபோகச் சட்டம் நீக்கப்பட்டபோது அந்தப் புலனாய்வாளரும் போனார். போட்டி ஆணையம் வந்தது, ஆனால் அதன் வேலை சந்தைப் போட்டி. பொய் விளம்பரம் அதன் கணக்கில் இல்லை. 2020 ஜூலை 24 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிறக்கும் வரை, ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள், நியாயமற்ற வணிகத்தைத் தேடிப்போய் விசாரிக்கும் பொது அதிகாரி இந்நாட்டில் இல்லை. ஃபிளிப்கார்ட் ஒரு புத்தகக் கடையிலிருந்து பேரங்காடியாக வளர்ந்தது சரியாக அந்தப் பதினோரு ஆண்டுகளில்தான்.

மத்திய ஆணையத்தை உருவாக்கிய 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையை நிவர்த்தி செய்தது. எப்படிச் செய்தது என்பதைப் பிரிவு பிரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாநிலம் எந்த இடத்தில் கைவிடப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

18ஆம் பிரிவு மத்திய ஆணையத்துக்குப் பெரிய பட்டியலையே கொடுக்கிறது. தானாக முன்வந்து விசாரிக்கலாம், குறைதீர் ஆணையங்களில் வழக்குப் போடலாம், நடக்கும் வழக்கில் தலையிடலாம், வழிகாட்டு நெறிகள் வெளியிடலாம், ஆபத்தான பொருள்களைப் பற்றி எச்சரிக்கை விடலாம். 20ஆம் பிரிவில் பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம். 21இல் விளம்பர அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடித்துப் பரிந்துரைத்தவரையே ஓராண்டு, மறுபடி தவறினால் மூன்றாண்டு விலக்கிவைக்கலாம். உத்தரவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 20 லட்சம் வரை அபராதம். இவ்வளவும் டெல்லியில்.

மாநிலத்துக்கு என்ன? 6ஆம் பிரிவின்படி மாநில நுகர்வோர் பாதுகாப்புக் குழு. தலைவர் துறை அமைச்சர். ஆண்டுக்குக் குறைந்தது இருமுறை கூட வேண்டும். அதன் பணி ஆலோசனை சொல்வது. மாவட்டக் குழுவுக்கும் அதே பணிதான், தலைவர் மட்டும் மாவட்ட ஆட்சியர். இவை போக, மாநில உணவு மற்றும் நுகர்வோர் விவகாரத் துறை. கர்நாடகத்தில் உணவு, குடிமைப் பொருள் வழங்கல், நுகர்வோர் விவகாரம் மூன்றும் ஒரே துறை. தமிழ்நாட்டிலும் குடிமைப் பொருள் வழங்கலும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒரே ஆணையரிடம். அன்னபாக்யா அரிசியும் ரேஷன் அட்டையும் எரிவாயு சிலிண்டரும் நிறைந்த மேசையில் 'நுகர்வோர் பாதுகாப்பு' என்ற கோப்பு எந்த அடுக்கில் கிடக்கும் என்று ஊகிக்க அரசு அலுவலக அனுபவம் தேவையில்லை. மேற்கு வங்கம் இதில் கொஞ்சம் மாறுபட்டது: அங்கே நுகர்வோர் விவகாரத்துக்கென்றே தனித் துறையும், நியாயமான வணிக நடைமுறைக்கென ஓர் இயக்குநரகமும் உண்டு. அதன் அலுவலகங்கள் வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்கப் பார்க்கின்றன. ஆனால் அந்த இயக்குநரும் அழைக்கலாம், பேசலாம், தண்டிக்க முடியாது.

சட்டத்தில் மாநில அதிகாரிக்குக் கிடைத்த ஒரே கூர்மையான கருவி மாவட்ட ஆட்சியரின் கையில் இருக்கிறது. 17ஆம் பிரிவின்படி, ஒரு வகுப்பாக நுகர்வோரைப் பாதிக்கும் உரிமை மீறலையோ தவறான விளம்பரத்தையோ பற்றிய புகாரை எழுத்திலோ மின்னஞ்சலிலோ அவரிடம் கொடுக்கலாம். 16ஆம் பிரிவின்படி அவர் விசாரிக்கலாம். 22ஆம் பிரிவு அவருக்குக் கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ நுழைந்து சோதனையிடவும், ஆவணங்களைக் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது. கைப்பற்றியதை நகலெடுத்துக்கொண்டு இருபது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். விசாரணை முடிந்தபின் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்புவது. கதவை உடைக்கலாம், தீர்ப்பு எழுத முடியாது. மத்திய ஆணையத்திடமோ தீர்ப்பு எழுதும் பேனா இருக்கிறது, களத்தில் ஆள் இல்லை. தொடக்கத்தில் அதன் புலனாய்வுத் தலைமை இயக்குநர் பொறுப்பே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநரிடம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது.

பெங்களூரு நகர மாவட்டத்தில் ஆட்சியருக்கு டெபுடி கமிஷனர் என்று பெயர்; தமிழர்கள் உட்பட எல்லோரும் டி.சி. என்பார்கள். அலுவலகம் கே.ஜி. ரோட்டில், கந்தாய பவனில். வைட்ஃபீல்டிலிருந்து போக 2023 அக்டோபர் முதல் பர்ப்பிள் லைனில் ஒரே ரயில். நில ஆவணம், தேர்தல், பேரிடர், சாதிச் சான்றிதழ் சரிபார்ப்பு என்று அந்த ஒரு நாற்காலியில் குவிந்திருப்பவற்றோடு, நாட்டின் மிகப் பெரிய இணைய வணிக நிறுவனங்களைச் சோதனையிடும் அதிகாரமும் குவிந்திருக்கிறது. டி.சி. அலுவலக வாசலில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வைட்ஃபீல்டில் இது ஏட்டுச் சுரைக்காய் விஷயமல்ல என்பதற்கு 2024 கோடை சாட்சி. 1882இல் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பாகத் தோன்றிய இந்த ஊர், ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் அடுக்குமாடிகளால் நிறைந்தது. காவிரிக் குழாய் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. பெங்களூரு மாநகராட்சியோடு 2007இல் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டது, 2024 அக்டோபர் 16 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளில் தண்ணீர் என்பது டேங்கரில் வந்து இறங்கும் சரக்கு. சரக்கு என்றால் வாங்குபவர் நுகர்வோர்தானே? ஆனால் ரசீது இல்லை, விலைப்பட்டியல் இல்லை, இன்று 1,000 சொன்னவர் நாளை 2,000 சொல்வார்.

2024 மார்ச் 7 அன்று பெங்களூரு நகர டி.சி. டேங்கர் விலையை நிர்ணயித்தார். ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. ஐந்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரை முறையே 750, 850, 1,200. நான்கு மாதங்களுக்கு 200 டேங்கர்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. அதே வாரத்தில் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்ன கணக்கு இன்னொன்று: நகரில் ஓடும் ஏறத்தாழ 3,500 டேங்கர்களில் பதிவு செய்திருந்தவை 219.

இந்த ஆணையைக் கூர்ந்து படித்தால் ஒரு நுகர்வோர் இயக்குநரகம் எதற்கு வேண்டும் என்பது விளங்கும். விலை இரண்டு அளவுகளைச் சார்ந்திருக்கிறது: தூரம், கொள்ளளவு. தூரம் எங்கிருந்து? கிணறு எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்குத்தான் தெரியும். கொள்ளளவு? தொட்டியின் பக்கவாட்டில் பெயின்ட் அடித்த எண்ணை நம்ப வேண்டும். நள்ளிரவில் சம்ப்பில் குழாயை விட்டு மோட்டாரைப் போட்ட பிறகு, இறங்கியது பன்னிரண்டாயிரமா பத்தாயிரமா என்று காவலாளி எதைக் கொண்டு அளப்பார்? விலையை நிர்ணயிப்பது ஒரு நாள் வேலை. அளவை உறுதிசெய்வது, ரசீதைக் கட்டாயமாக்குவது, மீறியவரின் பதிவை ரத்து செய்வது, தர மறுப்பவரைக் கண்டுபிடிப்பது இவைதான் அன்றாட வேலை. அந்த அன்றாட வேலைக்கு ஆள் கிடையாது. எனவேதான் விலை ஆணை வந்த பிறகும் 'அந்த ரேட்டுக்கு வண்டி வராது' என்ற பதில் வீட்டு வாசல்களில் நிலைத்தது.

மாநில அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டுவதும் தவறு. வேறு சட்டங்கள் அவர்களுக்குப் பல்லும் நகமும் கொடுத்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் மாநிலக் கட்டுப்பாட்டாளரின் ஆய்வாளர்கள் தராசையும் பெட்ரோல் பங்கின் பம்பையும் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். மோசடி அளவுகோலைக் கைப்பற்றலாம். பங்கில் நமக்குச் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லி அங்கேயே கேட்கலாம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உணவில் அதிகாரம் இன்னும் கூர்மை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பொது நலன் கருதி ஓர் உணவுப் பொருளை ஓராண்டு வரை தடைசெய்யும் உரிமையை மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தருகிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது. மார்ச்சில் கர்நாடகம் செயற்கை நிறமூட்டிய பஞ்சுமிட்டாய்க்கும் கோபி மஞ்சூரியனுக்கும் தடை போட்டது. 171 கோபி மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை, 25 பஞ்சுமிட்டாய் மாதிரிகளில் 15 பாதுகாப்பற்றவை என்று ஆய்வு சொன்னது. மாதிரி எடுத்தவர், ஆய்வகம், தடை ஆணை எல்லாம் ஒரே மாநிலத்துக்குள். சில வாரங்களில் வைட்ஃபீல்டின் தள்ளுவண்டிகளிலும் இதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. மஞ்சூரியனின் நிறத்தைப் பெங்களூரிலேயே தடுக்க முடிகிறது, பொய் விளம்பரத்தைத் தடுக்க டெல்லி வேண்டும் என்பது என்ன தர்க்கம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதிகாரம் என்றால் கடமையும் உண்டு. இங்கேதான் மாநில அதிகாரிகள் சில முறை சறுக்கியிருக்கிறார்கள். 2015இல் மேகி நூடுல்ஸுக்கு விதித்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை போட்டதும், அங்கீகாரம் பெறாத ஆய்வகங்களின் முடிவை நம்பியதும் தவறு என்றது நீதிமன்றம். அதே விவகாரத்தில் மத்திய அரசு நுகர்வோர் சார்பில் 640 கோடி ரூபாய் கேட்டுத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொடுத்த வழக்கும் 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது. தமிழ்நாட்டின் குட்கா தடை இன்னொரு பாடம். ஓராண்டுக்கான அவசரத் தடையை ஆணையர் ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தார். அவசர அதிகாரத்தைக் கொண்டு நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நோக்கம் நல்லது என்பதற்காக நடைமுறையை விட்டுவிட்டால் கடைசியில் தோற்பது நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்தே 26ஆம் பிரிவை வைத்திருக்கிறது: தகுந்த காரணம் இல்லை என்று தெரிந்தும் சோதனையிடும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒழுங்காகச் செய்தால் நீதிமன்றம் துணை நிற்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. உணவகங்கள் பில்லில் தானாகவே சேவைக் கட்டணத்தைச் சேர்ப்பதற்கு எதிராக 2022 ஜூலையில் மத்திய ஆணையம் நெறிமுறை வெளியிட்டது. உணவக சங்கங்கள் வழக்குக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அத்தகைய நெறிமுறை வகுக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் உறுதிசெய்தது. பெங்களூரின் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓராண்டில் 10,644 புகார்கள் குவிந்தபோது மத்திய ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டோம் என்றது நிறுவனம். மேலும் ஆவணங்கள் கேட்டபோது கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் அவகாசம் மட்டும் கொடுத்து, ஆவணங்களைக் கொடுக்கச் சொன்னது.

மாநில அளவில் கட்டுப்பாட்டாளர் இல்லாத வெற்றிடத்தை யாராவது நிரப்பத்தானே வேண்டும்? பெங்களூரில் மாவட்டக் குறைதீர் ஆணையங்கள் அந்த வேலையைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தன. ஐகியா கடையில் முத்திரை அச்சிட்ட காகிதப் பைக்கு 20 ரூபாய் வாங்கியதற்காக, 2023இல் வாடிக்கையாளருக்கு 3,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சாந்திநகர் ஆணையம். வராத ஐஸ்கிரீமுக்கு 187 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, மேலும் 5,000 தர வேண்டும் என்று 2024இல் ஸ்விக்கிக்கு உத்தரவு வந்தது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் அவை அந்த ஒரு வாடிக்கையாளருக்கு. அடுத்த வரிசையில் பை வாங்கியவர் புதிதாக வழக்குப் போட வேண்டும். இருபது ரூபாய்க்கு யார் போடுவார்?

2025 பிப்ரவரியில் பெங்களூரின் மாவட்டக் குறைதீர் ஆணையம் ஒன்று ஓர் அடி முன்னே வைத்தது. 4.05க்கு என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு 25 நிமிடம் விளம்பரம் காட்டியதாக பிவிஆர் ஐநாக்ஸ் திரையரங்கின் மீது வந்த புகாரில், புகார்தாரருக்கு 28,000 ரூபாயும், நுகர்வோர் நல நிதிக்கு ஒரு லட்சமும் கட்டச் சொன்னது. படம் உண்மையில் தொடங்கும் நேரத்தை டிக்கெட்டில் அச்சிடவும் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தனிநபர் புகாரை ஆணையம் பொதுநல வழக்குபோல நடத்திவிட்டது என்பது நீதிமன்றத்தின் குறை. சட்டப்படி பார்த்தால் உயர் நீதிமன்றம் சொன்னது சரிதான். வைட்ஃபீல்ட் மால்களில் படம் பார்ப்பவர்களின் அனுபவப்படி பார்த்தால் ஆணையம் சொன்னதும் சரிதான். இரண்டும் சரியாக இருப்பதற்குக் காரணம், 'டிக்கெட்டில் சரியான நேரத்தைப் போடு' என்று ஊர் முழுவதற்கும் உத்தரவு போட வேண்டிய ஆள் மாநிலத்தில் இல்லை என்பது.

வீடு வாங்கியவர்களின் கதையில் இந்த இடைவெளி லட்சங்களில் வலிக்கிறது. கர்நாடகத்தின் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான ரேரா வீடு வாங்கியவருக்குச் சாதகமாக உத்தரவிட்டால், கட்டுநர் பணத்தைத் தராதபோது ரேரா சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி அது நிலவரி பாக்கியாக வசூலிக்கப்பட வேண்டும். வசூல் சான்றிதழ் எங்கே போகும்? அதே கந்தாய பவனுக்கு. அங்கிருந்து தாசில்தாருக்கு, வைட்ஃபீல்டுக்கு என்றால் கே.ஆர்.புரத்தில். பல உத்தரவுகள் அந்த வழியில் வசூலாகாமல் தேங்கிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை, மறு பக்கம் வாடகை என்று இரண்டையும் கட்டிக்கொண்டு, கையில் வெற்றி பெற்ற உத்தரவையும் வைத்திருப்பவருக்கு அந்தத் தாளின் மதிப்பு என்ன? டேங்கர் விலை, வீட்டு வசூல், நுகர்வோர் விசாரணை மூன்றுமே ஒரே அதிகாரியின் மேசையில் வந்து சேர்வது தற்செயல் இல்லை. மாநிலத்துக்கு நுகர்வோர் இயக்குநர் என்று ஒருவரை உருவாக்காத சட்டங்களெல்லாம், சுமையை இறக்கிவைக்க டி.சி.யின் மேசையைத்தான் கண்டன.

செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை என்பது என் கருத்து. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி மாநில அரசே குறைதீர் ஆணையத்தில் புகார்தாரர் ஆகலாம்; ஒரு டேங்கர் கூட்டணிமீதோ பொய் வாக்குறுதி தந்த கட்டுநர்மீதோ ஆயிரம் பேர் சார்பில் அரசு வழக்குப் போடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. 23ஆம் பிரிவு, சட்டப்படி அமைந்த வேறோர் அமைப்பு மத்திய ஆணையத்தின் அதிகாரங்களைச் செலுத்தும்படி மத்திய அரசு அறிவிக்க இடம் தருகிறது. ரேஷனிலிருந்து பிரித்து, வழக்கறிஞரும் கணக்காளரும் மென்பொருள் தெரிந்தவரும் கொண்ட ஒரு சிறு பிரிவை டி.சி. அலுவலகத்தில் வைத்தாலே 16ஆம் பிரிவு உயிர்பெறும். 2023 நவம்பரில் மத்திய ஆணையம் பதின்மூன்று வகையான இணைய வணிகத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. கூடைக்குள் கேட்காமலே பொருளைச் சேர்ப்பதும், 'இன்னும் இரண்டே உள்ளது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் உண்டு. அந்தத் தந்திரங்களை உருவாக்கத் தெரிந்தவர்களும், கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களும் வைட்ஃபீல்டிலேயே வேலை பார்க்கிறார்கள்.

ஃபிளிப்கார்ட் வழக்கு ஒன்றைச் சொல்லி எச்சரிக்கையும் செய்ய வேண்டும். தரக் கட்டுப்பாட்டை மீறிய 598 பிரஷர் குக்கர்கள் அதன் தளத்தில் விற்றதற்காக 2022இல் மத்திய ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. அந்த விற்பனையில் கட்டணமாக நிறுவனம் ஈட்டியதாக ஒப்புக்கொண்ட தொகை 1,84,263 ரூபாய். லாபத்தைவிட அபராதம் குறைவாக இருக்கும்வரை அதிகாரம் டெல்லியில் இருந்தாலும் கந்தாய பவனில் இருந்தாலும் வணிகக் கணக்கு மாறாது. அபராதத்தை விற்றுமுதலோடு இணைக்காத சட்டத்தை மாநில இயக்குநரிடம் கொடுத்தும் பெரிய பயன் இராது.

அதுவரை வைட்ஃபீல்ட்வாசிகள் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. தனிப்பட்ட நஷ்டத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ குறைதீர் ஆணையத்தையோ அணுகுங்கள். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஓர் அடுக்குமாடியையோ ஒரு தெருவையோ முழுதாக ஏமாற்றும் விஷயம் என்றால், குடியிருப்போர் சங்கத்தின் பெயரில், 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, பெங்களூரு நகர டி.சி.க்கு எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கர்நாடக மாநில நுகர்வோர் பாதுகாப்புக் குழுவும் மாவட்டக் குழுவும் சட்டம் சொல்லும் இரண்டு கூட்டங்களைச் சென்ற ஆண்டு நடத்தினவா? 16ஆம் பிரிவின்கீழ் இதுவரை எத்தனை விசாரணை அறிக்கைகள் கந்தாய பவனிலிருந்து டெல்லிக்குப் போயின? பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம்.